ரோட்டரி எஞ்சின் விமானத்துக்கு எந்த ஏர் ஃபில்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒருவர் தன் கையாலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். கட்டும் வேலையில் பாதிக்கு மேல் அவரே செய்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. அப்படிக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் லைகமிங் போன்ற விமான எஞ்சின்களைப் பூட்டுவார்கள். ஒரு சிறிய கூட்டம் மட்டும் மாஸ்டா காரின் ரோட்டரி எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) எடுத்துக்கொள்ளும். ஏர் ஃபில்டர் என்று வந்ததும் அந்தக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்த எஞ்சின்களுக்கு இது பொருந்தும்?

இரண்டு ரோட்டர் கொண்ட 13பி எஞ்சின்தான் மையம். மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 கார்களில் வந்த பழைய 13பி, 2003 முதல் 2012 வரை ஆர்எக்ஸ்-8 காரில் வந்த ரெனிசிஸ் இரண்டுக்கும் பொருந்தும். மூன்று ரோட்டர் 20பி வைத்திருப்பவர்கள் காற்றின் கணக்கை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

இது வெறும் 1.3 லிட்டர் எஞ்சின். சின்னக் கார் ஃபில்டர் போதாதா?

போதாது. ரோட்டரி கட்டுபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

13பி-யின் ஒவ்வொரு ரோட்டருக்கும் 654 சிசி. இரண்டும் சேர்ந்து 1308 சிசி. காகிதத்தில் எழுதும்போது 1.3 லிட்டர்தான். ஆனால் சாதாரண பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டர் காற்றை இழுப்பது ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு தடவை. ரோட்டரியில் அப்படி இல்லை. ரோட்டருக்கு மூன்று முகங்கள். ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) மூன்று சுற்று சுற்றிவிடும். அதாவது ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை 654 சிசி காற்றை இழுக்கிறது. மூச்சின் கணக்கில் இது 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்குச் சமம்.

இதோடு சுழலும் வேகத்தையும் சேருங்கள். விமானத்தில் 13பி-யை நேரடியாக ப்ரொப்பெல்லரில் மாட்டுவதில்லை, இடையில் ஒரு கியர் பெட்டி இருக்கும். எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) ஓடினால், 2.85-க்கு 1 என்ற கியரில் ப்ரொப்பெல்லர் ஏறக்குறைய 2100-ல் சுற்றும். அந்த 6000-ல் எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 7850 லிட்டர் காற்றை இழுக்கிறது, கன அடியில் 277. இப்போது 5.9 லிட்டர் லைகமிங் ஓ-360 எஞ்சினை 2700 ஆர்பிஎம்மில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 280 கன அடி வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

ஆகவே ஃபில்டர் வாங்கப் போகும்போது 1.3 லிட்டரை மறந்துவிடுங்கள். ஓ-360 எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய ஃபில்டர் வேண்டுமோ, அதுதான் உங்களுக்கும் வேண்டும்.

சரி, அளவை எப்படிக் கணக்கிடுவது?

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் செய்யும் கே அண்ட் என் நிறுவனம் ஒரு எளிய சூத்திரம் தருகிறது. எஞ்சினின் கன அங்குல அளவை ஆர்பிஎம்மால் பெருக்கி, 20,839-ஆல் வகுத்தால், குறைந்தபட்சம் தேவைப்படும் பரப்பு சதுர அங்குலத்தில் கிடைக்கும். அந்தச் சூத்திரம் பிஸ்டன் எஞ்சினுக்கானது. 13பி-க்கு 80 கன அங்குலம் என்று போட்டால் தேவையில் பாதிதான் வரும். 160 என்று போடுங்கள்.

160-ஐ 6000-ஆல் பெருக்கி 20,839-ஆல் வகுத்தால் 46 சதுர அங்குலம், அதாவது சுமார் 300 சதுர சென்டிமீட்டர். இது வெளிச்சுற்றுப் பரப்பு, மடிப்புகளை விரித்து அளப்பது அல்ல. 10 செ.மீ. விட்டமுள்ள உருளை ஃபில்டர் என்றால், மூடிகளுக்கான ஓரத்தையும் சேர்த்து சுமார் 11.5 செ.மீ. உயரம் வரும். 7000 வரை ஓட்டுகிறவர்களுக்கு 13 செ.மீ. ஆகும்.

இது குறைந்தபட்சம் என்பதை நினைவில் வையுங்கள். கௌலிங்குக்குள் (எஞ்சினை மூடும் உறைக்குள்) இடம் இருந்தால் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஃபில்டரில் காற்று மெதுவாக நுழையும், தடை குறையும், அழுக்கு ஏறவும் நாளாகும். எடை கூடுவது சில கிராம்தான்.

ஃபில்டரே இல்லாமல் பறந்தால் என்ன?

பந்தய விமானங்களில் சிலர் அப்படிச் செய்வதுண்டு. அவர்கள் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பவர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிற விமானத்தில் இது வேண்டவே வேண்டாம்.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை இருக்கிறது. 1986-க்குப் பிந்தைய 13பி-களில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர்தான். பின்னால் ஒரு ஸ்பிரிங் தள்ள, அது ஹவுசிங்கின் (ரோட்டர் சுழலும் கூட்டின்) குரோம் பூசிய சுவரை உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்தச் சுவரில் கொஞ்சம் எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்க வேண்டும் என்பதால், மீட்டரிங் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார்கள், அல்லது பெட்ரோலிலேயே டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலப்பார்கள். அந்த எண்ணெயில் மண்தூசி சேர்ந்தால் என்ன ஆகும்? வால்வு தேய்க்கும் பசைதான். சீலும் தேயும், குரோமும் தேயும், பக்கச் சுவர்களில் கோடு விழும்.

கண்ணுக்குத் தெரிகிற கல்லைவிட, தெரியாத தூசிதான் இதில் மோசம். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு. அதில் நாலில் ஒரு பங்குள்ள துகளே இந்த வேலையைச் செய்துவிடும். புல் ஓடுபாதையிலோ மண் ஓடுபாதையிலோ டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டிச் செல்லும்போது), முன்னால் போகும் விமானம் கிளப்புவது அத்தனையும் உங்கள் எஞ்சினின் வாய்க்குத்தான் வருகிறது.

காகிதம், நுரை, எண்ணெய்ப் பருத்தி: எது நல்லது?

மூன்றுமே ஒழுங்காகப் பொருத்தினால் வேலை செய்யும்.

தூசியை மிக நன்றாகப் பிடிப்பது காகிதம். அதன் எதிரி ஈரம். மழைக்குள் பறக்கும்போது காகிதம் ஊறினால் தடை சட்டென்று ஏறும். வயதானால் ஒட்டு விட்டுப்போய்த் துண்டு துண்டாக எஞ்சினுக்குள் போகவும் கூடும். இதற்காகவே அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 84-26-02 என்ற எண்ணில் ஓர் உத்தரவு போட்டு, காகித ஃபில்டர்களுக்கு 500 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. சொந்தமாகக் கட்டிய விமானத்தை அந்த உத்தரவு நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், காகிதத்தின் குணம் உங்கள் விமானத்தில் மாறிவிடப்போவதில்லை.

நுரை மலிவு, எந்த வடிவத்துக்கும் வெட்டிக்கொள்ளலாம். பிராக்கெட் நிறுவனத்தின் நுரை ஃபில்டர்கள் சிறு விமானங்களில் பரவலாக இருக்கின்றன. அவற்றை 100 மணிக்கோ 12 மாதத்துக்கோ, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நாள்பட்ட நுரை விரலால் நிமிண்டினாலே பொடியும். தீப்பிடித்தால் நன்றாக எரியவும் செய்யும்.

எண்ணெய்ப் பருத்தியை இரண்டு பக்கமும் கம்பிவலை தாங்குகிறது. நனைந்தாலும் உருக்குலையாது, கழுவி மறுபடி பயன்படுத்தலாம். மிக நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் காகிதத்துக்கு ஒரு படி கீழேதான். ரோட்டரி விமானத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அதிர்வு, மழை, சூடு மூன்றையும் இது தாங்குகிறது, விமானத்தில் நமக்கு முதலில் வேண்டியது அந்தத் தாங்கும் குணம். சொந்தமாகக் கட்டும் ஆர்வி வகை விமானங்களின் கிட்டில் (பாகத் தொகுப்பில்) வரும் காற்றுப் பெட்டியிலும் இந்த வகை ஃபில்டர்தான் இருக்கிறது. ஆனால் தினமும் மண் பாதையில் இறங்கி ஏறுகிறவர் என்றால் நல்ல காகித ஃபில்டரை வாங்கி, நேரம் பார்த்து மாற்றச் சொல்வேன்.

ஃபில்டர் வைத்தால் பவர் குறையுமே?

குறையும், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1030 செ.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம். அளவு சரியான, சுத்தமான ஃபில்டரில் 5 முதல் 10 செ.மீ. நீரளவு இழப்பு வரலாம். பத்து என்றே வைத்தாலும் நூற்றில் ஒரு பங்கு. எண்பது மீட்டர் கூடுதல் உயரத்தில் பறப்பது போலத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள் சூட்டை. கௌலிங்குக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 35 டிகிரி சூடாக இருப்பது சர்வசாதாரணம். 15 டிகிரியில் வர வேண்டிய காற்று 50 டிகிரியில் வந்தால், அடர்த்தி நூற்றுக்குப் பதினொன்று குறைந்துவிடும். ஃபில்டரைத் திட்டுகிறவர்கள் பலர், அந்த ஃபில்டரைக் கௌலிங்கின் உள்ளே வெந்நீர்க் குழாய் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். குறை ஃபில்டரில் இல்லை, அது இருக்கும் இடத்தில்.

அப்படியானால் எங்கே வைப்பது?

வெளிக்காற்று நேராக வந்து சேரும் ஒரு பெட்டிக்குள். ரோட்டரியில் இதில் ஒரு சிக்கல் உண்டு: 13பி-யில் காற்று உள்ளே போகும் வாயும் புகை வெளியே வரும் வாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. புகைக் குழாய்க்கு மேலேதான் இன்டேக் மேனிஃபோல்டு (காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்) கிளம்புகிறது. ரோட்டரியின் புகையோ பிஸ்டன் எஞ்சினைவிடச் சூடு, முழு பவரில் 900 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இரவில் ஓட்டிப் பார்த்தால் குழாய் செக்கச்செவேலென்று தெரியும்.

அதனால் மேனிஃபோல்டை எஞ்சினின் தலைக்கு மேலாக வளைத்து, த்ராட்டிலையும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வையும்) ஃபில்டரையும் மறுபக்கம் கொண்டுபோவது நல்லது. அதற்கு இடமில்லை என்றால் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் தகட்டை, புகைக் குழாயிலிருந்தும் காற்றுப் பெட்டியிலிருந்தும் விரல் அளவு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பெட்டியை ஃபைபர் கிளாசில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சி 100 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும். அந்தப் பக்கத்துக்கு அலுமினியம்தான் சரி.

பெட்டியின் அடியில் ஒரு சிறு ஓட்டை போட மறக்காதீர்கள். மழைநீரும், எப்போதாவது கசியும் பெட்ரோலும் வடிய வேண்டும்.

ஃபில்டரைத் தாண்டி நேரடிக் காற்றை விடும் ராம் ஏர் கதவு வைக்கலாமா?

320 கி.மீ. வேகத்தில் 2400 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது, எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 38 செ.மீ. நீரளவு. நல்ல வாய் அமைப்பு இருந்தால் இதில் பெரும்பகுதி ஃபில்டர் வழியாகவே கிடைத்துவிடும். கதவைத் திறப்பதால் மிஞ்சிக் கிடைப்பது ஃபில்டரின் அந்த 5-10 செ.மீ. மட்டும். அதற்காக ஒரு கதவு, ஒரு கேபிள், ஒரு ரப்பர் விளிம்பு. அந்த விளிம்பு தேய்ந்தால், தரையில் ஓடும்போதும் வடிகட்டாத காற்று உள்ளே போகும். நான் வைக்க மாட்டேன்.

பறக்கும்போது ஃபில்டர் அடைத்துக்கொண்டால்?

மாற்றுக்காற்றுக் கதவு இல்லாமல் பறக்கக் கூடாது. இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்ய மாட்டேன்.

ரோட்டரியில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் கார்புரேட்டரில் பனி பிடிக்கும் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் ஈரப்பனி ஃபில்டரின் முகத்திலேயே ஒட்டும். கனமழை இருக்கிறது, பூச்சிக் கூட்டம் இருக்கிறது, ஹேங்கரில் மறந்து விட்ட துணி இருக்கிறது. எது அடைத்தாலும் எஞ்சினுக்கு வேறொரு வழி வேண்டும்.

கதவு ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்க வேண்டும். கௌலிங்குக்குள் இருக்கும் சூடான, உலர்ந்த காற்றை அது எடுக்கட்டும். காந்தமோ மெல்லிய ஸ்பிரிங்கோ பிடித்திருக்க, உறிஞ்சும் விசை ஏறினால் தானாகத் திறக்கும் கதவைத்தான் நான் விரும்புகிறேன். பைலட் குழப்பத்தில் இருக்கும் நேரத்திலும் அது தன் வேலையைச் செய்யும். காக்பிட்டிலிருந்து இழுக்க ஒரு கேபிளும் இருந்தால் இன்னும் நல்லது. தானாகத் திறக்கும் கதவு உட்பக்கம் திறப்பதால், கழன்றால் நேராக த்ராட்டிலுக்குள் போகும். ஆகவே முழுநீளப் பியானோ கீல் போட்டு, அதன் கம்பி நழுவாதபடி இரண்டு முனையையும் மடக்கி விடுங்கள்.

சோதிக்க எஞ்சினை ஓட்ட வேண்டாம், ப்ரொப்பெல்லருக்கு அருகில் கையை நீட்டவும் வேண்டாம். த்ராட்டில் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வீட்டு வேக்யூம் கிளீனரின் குழாயை அங்கே துணி சுற்றிச் செருகுங்கள். ஃபில்டரின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். கிளீனரைப் போட்டதும் பை உள்ளே இழுபட்டு மடிப்புகளின் மேல் ஒட்டும், அடுத்த நொடி கதவு ‘டக்’கென்று திறக்க வேண்டும். திறக்காவிட்டால் காந்தம் அதிக வலுவானது.

பேக்ஃபயர் வந்தால் ஃபில்டர் எரியுமா?

எரிய வாய்ப்புண்டு. ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், ட்ரெய்லிங் என்று இரண்டு ஸ்பார்க் பிளக். அந்த வயர்களை மாற்றி மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தால் பேக்ஃபயர் வரும், அதாவது வெடிப்பு காற்று வரும் வழியிலேயே திரும்பி வரும். பெரிஃபெரல் போர்ட் எஞ்சின்களில் (காற்று வாய் ஹவுசிங்கின் வெளிச்சுவரிலேயே இருப்பவை) இன்னொன்று: குறைந்த ஆர்பிஎம்மில் காற்று முன்னும் பின்னும் அலையடிப்பதால், பெட்ரோல் ஆவி ஃபில்டர் வரை திரும்பி வரும். ஃபில்டரின் உட்பக்கம் ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் இதுதான் காரணம். த்ராட்டிலுக்கும் ஃபில்டருக்கும் இடையே முடிந்தவரை நீளம் கொடுங்கள். நுரை ஃபில்டரை இந்த எஞ்சின்களில் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பருத்தி ஃபில்டர் சென்சாரைக் கெடுக்குமா?

ஆர்எக்ஸ்-8 காரில் இருக்கும் காற்றளவு சென்சாரை அப்படியே பயன்படுத்தினால் கெடுக்கலாம், அதன் சூடான கம்பியில் எண்ணெய் படியும். விமானத்தில் பெரும்பாலோர் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் கணக்கிடும் கம்ப்யூட்டரைத்தான் வைக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மூன்று அங்குலம். 277 கன அடி காற்று மூன்று அங்குலக் குழாயில் நொடிக்கு 29 மீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டரை அங்குலமாக்கினால் 41 மீட்டர். சட்டென்று திரும்பும் ஒவ்வொரு வளைவிலும், முதலாவதில் 5 செ.மீ., இரண்டாவதில் 10 செ.மீ. நீரளவு வரை போய்விடும். ஒரு மோசமான வளைவு ஒரு ஃபில்டருக்குச் சமம். கம்பிச் சுருள் வைத்த குழாய் என்றால் உள்ளேயும் ஒரு சுவர் இருக்கும் இரட்டைச் சுவர் வகையை வாங்குங்கள், மெல்லியது உறிஞ்சும் விசையில் உள்ளே குழிந்துவிடும்.

தூசி உள்ளே போகிறதா என்று எப்படித் தெரியும்?

ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். துணி வெள்ளையாகவே வர வேண்டும். எண்ணெய் நிறம் கொஞ்சம் ஒட்டினால் பரவாயில்லை. விரலுக்கு நறநறவென்றால் கசிவு இருக்கிறது.

எனக்கு ஒரு முறை துணியில் பழுப்பாக ஒரே ஒரு கோடு வந்தது. ஃபில்டரில் குறை ஒன்றும் இல்லை. பெட்டியின் விளிம்பில் நான் ஒட்டிய ரப்பர், ஒரு மூலையில் நகக்கண் அளவு தூக்கியிருந்தது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். கழற்றி, சுரண்டி, புதிதாக ஒட்டியபின், சுத்தமான பக்கத்து விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசி விட்டேன். எங்காவது கசிந்தால் தூசி அந்தக் கிரீசில் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பூசுகிறேன்.

இன்னொன்று, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கழலக்கூடிய நட்டு, ஸ்க்ரூ, ரிவெட் எதுவும் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு தடுக்க ஒன்றும் இல்லை.

ஃபில்டரின் தடையை நானே அளக்க முடியுமா?

முடியும். ஒரு மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் நிறம் கலந்த தண்ணீர், ஒரு மரப்பலகை, ஒரு ஸ்கேல். குழாயை ‘யு’ வடிவில் பலகையில் கட்டி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் பெட்டியில் செருகுங்கள், மறு முனை திறந்திருக்கட்டும். விமானத்தை நன்றாகக் கட்டிப்போட்டு, ஒருவர் காக்பிட்டிலும் ஒருவர் ப்ரொப்பெல்லருக்கு வெகு பின்னால் பலகையோடும் நின்று முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தடை. 10 செ.மீ.க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. 20-ஐத் தாண்டினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. பறக்கும்போது ஆர்பிஎம் கூடும், தடையும் கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

புதிய விமானத்துக்குப் பொதுவாக 40 மணி நேரச் சோதனைப் பறப்பு இருக்கும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இந்த அளவைக் குறித்து வைத்தால், உங்கள் ஓடுபாதையில் எவ்வளவு தூசி ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

டர்போ வைத்தால்?

ஃபில்டரை டர்போவின் கம்ப்ரசருக்கு (காற்றை அழுத்தித் தள்ளும் பாகத்துக்கு) முன்னால் வையுங்கள். மேனிஃபோல்டில் 40 அங்குலப் பாதரச அழுத்தம் கொடுத்தால் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடும். உயரப் போகப் போக இன்னும் கூடும்: 5500 மீட்டரில் வெளிக்காற்றழுத்தம் பாதிதான் என்பதால், அதே அளவு காற்றுக்கு ஃபில்டர் வழியே இரண்டு மடங்கு கனஅளவு போக வேண்டும். கிடைப்பதிலேயே பெரியதை வையுங்கள்.

எப்போது கழுவ வேண்டும், எப்படி?

காலண்டரைவிட ஊரும் பருவமும்தான் முக்கியம். ஃப்ளோரிடாவில் மே மாதத்திலும் செப்டம்பரிலும் லவ்பக் பூச்சிகள் ஜோடி ஜோடியாகப் பறக்கும். ஒரே மாலையில் ஃபில்டரின் முகம் கறுத்துவிடும். அந்த வாரங்களில் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் டார்ச் அடித்துப் பாருங்கள், ரேடியேட்டரையும் சேர்த்தே பார்த்துவிடலாம். மற்றபடி 50 மணிக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது என் வழக்கம்.

எண்ணெய்ப் பருத்தி என்றால், அதற்குரிய சோப்பைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய தண்ணீர் ஓட்டத்தில் உள்ளிருந்து வெளியே கழுவுங்கள். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு மடிப்புக்குள் புதைந்துவிடும். கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது, இழைகள் பிரிந்துவிடும். நிழலில் முழுக்கக் காயட்டும், ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது. பிறகு ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரே ஒரு கோடாக எண்ணெய் விட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தொட்டு விடுங்கள். கையில் எடுத்துத் தட்டினால் சொட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எங்காவது கிழிசலோ பிளவோ தெரிந்தால், அந்த ஃபில்டரை மறுபடி மாட்டாதீர்கள்.